ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எண்ணிக்கை

உத்திரமேரூர்
20.6.2024

அன்புத் தங்கை ஷப்ரீனுக்கு, அக்கா நூருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் மகள் அப்ரோஸும் நலம். உன் வீட்டுக்காரர் அசீமும் நலம்தான், படுப்பது கடையில், சாப்பாடு என் வீட்டில்; செருப்பு விற்கிறதோ இல்லையோ, நன்றாகச் சாப்பிடுகிறார். உனக்கு இருமல் நின்றதா?

உங்கள் ஜவ்வாது மலைக்கு டவர் வருகிற வரைக்கும் எனக்குக் கடிதம்தான் கதி. போனில் நீ கத்துவதும் நான் "கேக்கலடி, கேக்கலடி" என்று கத்துவதும், தெருவே வாசலுக்கு வந்து நிற்கிறது. பக்ரீத் முடிந்து நீ பஸ் ஏறியதும் அப்ரோஸ் அழவே இல்லை. என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "வா பெரிம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு இந்தத் தைரியம் இருக்கிறதே என்று சந்தோஷப்படு.

இப்போது நல்ல சேதி. பழையசீவரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறதே, அங்கே பி.டி. மாஸ்டர் சுப்பிரமணி சார் அடுத்த மே மாதம் ரிட்டயர் ஆகிறார். நீ மலையேறி ஐந்து வருஷம் ஆகிறது. அடுத்த டிரான்ஸ்பர் கவுன்சிலிங்கில் அந்த இடம் உனக்குத்தான். காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுப் பஸ் ஏறினால் சாயந்தரம் அவள் பள்ளி விடுவதற்குள் வீட்டில் இருக்கலாம். யாரிடமும் வாயைத் திறக்காதே, கண் பட்டுவிடும்.

என் பள்ளிக் கதை அதே கதைதான். பள்ளி திறந்து பத்து நாளில் கணக்கு டீச்சர் என் பி.டி. பீரியடை இரண்டு தடவை பிடுங்கிக்கொண்டார். போகட்டும். எனக்குக் கோ-கோ ஆடத் தெரிந்த பெண்கள் பத்துப் பேர் தேறியிருக்கிறார்கள். டீமுக்குப் பன்னிரண்டு வேண்டும். ஏரிக்கு அந்தக் கரையில் உதவி பெறும் பள்ளியில் சாம்சன் என்று ஒரு பி.டி. மாஸ்டர். அவரிடம் ஐந்து பெண்கள். நேற்று வந்து சொல்கிறார்: "மேடம், கிரவுண்டு உங்களாண்ட கீது, கம்பம் எங்களாண்ட கீது, புள்ளைங்க ரெண்டு எடத்துலயும் கீறாங்க. தனித்தனியா தோத்துக்கினு இருக்கறதுக்கு ஒண்ணா சேந்து ஜெயிச்சா இன்னா?" எனக்கு அப்படியே புல்லரித்துப் போனது. பதினெட்டு வருஷ சர்வீஸில் சேர்ந்து செய்யலாம் என்று ஒரு ஆள் வந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

உடம்பைப் பார்த்துக்கொள். துஆவுடன் அக்கா.

◆

ஜவ்வாது மலை
3.7.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஷப்ரீன் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். இருமல் இருக்கிறது, ஆனால் முன்பு போல இல்லை. உங்கள் முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிறீர்களா?

அப்ரோஸ் அழவில்லை, சந்தோஷப்படு என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷப்பட்டேன்.

பழையசீவரம் சேதியைப் படித்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. இங்கே நாங்கள் மூன்று டீச்சர்கள் ஒரே அறையில் இருக்கிறோம், மழை வந்தால் பாத்திரம் வைக்கிற கூரை. இல்லாவிட்டால் பிள்ளையை எப்போதோ கொண்டுவந்திருப்பேன், உங்களுக்கும் பாரம் குறைந்திருக்கும். அந்த இடம் கிடைக்கட்டும் என்று தொழுகையில் கேட்கிறேன். கேட்க எனக்கு வேறு எதுவும் இல்லை.

இங்கே மைதானம் பாதி பாறை. பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நிற்கத்தான் சொல்லித்தர வேண்டும். உங்கள் கூட்டு டீம் நல்ல யோசனைதான். ஒரு சந்தேகம். குறுவட்டப் போட்டியில் ஒரே பள்ளியின் பிள்ளைகள்தான் டீமாக இறங்க முடியும். இரண்டு பள்ளி சேர்ந்து ஆட விடமாட்டார்களே? யார் பெயரில் இறங்கப் போகிறீர்கள்?

அப்ரோஸுக்கு முத்தம். அவளைத் தமிழில் நாலு எழுத்து எழுத வைத்து அனுப்புங்கள்.

அன்புடன் ஷப்ரீன்.

◆

உத்திரமேரூர்
15.7.2024

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஸலாம். எல்லாரும் நலம். உன் நலத்துக்கு துஆ செய்கிறேன். அப்ரோஸ் எழுதிய எழுத்து இத்துடன் இருக்கிறது. "அ"வுக்குக் கொம்பு முளைத்திருக்கிறதே என்று சிரிக்காதே, அவளுக்குக் கோபம் வரும்.

நீ கேட்ட சந்தேகம் எனக்கும் இருந்தது. சாம்சன் சார் வழி சொல்லிவிட்டார். என் பத்துப் பெண்களுக்கும் டி.சி. கொடுத்து அவருடைய பள்ளியில் சேர்த்தாயிற்று! படிப்பு அங்கே, சாயந்தரம் ஆட்டம் இங்கே என் மைதானத்தில். சீசன் முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொள்வேன். இந்தப் பள்ளியிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஏரிக்கரை மேல் நடந்தால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடலாம், இதில் என்ன வந்துவிடப் போகிறது?

எங்கள் ஹெச்.எம். கல்பனா மேடம்தான் பேஜார் பண்ணினார்கள். "பத்துப் பேர அனுப்பிட்டா நம்ம எண்ணிக்கை இன்னா ஆவும் நூருன்னிசா?" என்றார்கள். ஆறாம் வகுப்பில் இன்னும் பிள்ளைகள் சேருவார்கள் மேடம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியாதா!

பத்துப் பேரில் ஒருத்தி சௌமியா. இருளர் பெண், ஏரிக்கரை ஓரத்துக் குடிசை. கம்பத்தை ஒரு கையால் பிடித்து அவள் சுழன்று பாய்கிறபோது எதிராளி எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாள். அவளுடைய அம்மா கங்கம்மாளிடம் டி.சி. விஷயமாகப் போனேன். "நீ சொன்னா சரி டீச்சர். ஆனா அந்த இஸ்கூலு எங்களுக்குப் புதுசு. எம்பொண்ணு வரலன்னா தேடிக்கினு வர்றது நீ ஒருத்திதான். அங்க ஆரு வருவா?" என்றாள். நான் இருக்கிறேன் அல்லவா, எங்கே போய்விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொரு வேடிக்கை. டவுன் மெட்ரிக் பள்ளித் தாளாளர் பஞ்சாட்சரமும் எங்கள் கூட்டில் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கித் தருகிறார். பதிலுக்கு அவர் பள்ளி விளையாட்டு விழாவுக்கு நம் மைதானம் வேண்டுமாம். மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு காரியம்! ஊர் சிரிக்காமல் இருந்தால் சரி.

துஆவுடன் அக்கா.

◆

ஜவ்வாது மலை
22.7.2024

அக்காவுக்கு ஸலாம். நான் நலம். நீங்களும் அப்ரோஸும் நலமாக இருக்க வேண்டும். அவள் எழுத்தை அறையில் ஒட்டியிருக்கிறேன்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். அக்கா, ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் அந்தப் பெண்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். உங்கள் பள்ளி ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது. ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பி.டி. போஸ்ட்டே கிடையாது. கணக்கு டீச்சரைத் தொடமாட்டார்கள். முதலில் உங்களைத்தான் உபரி என்பார்கள்.

உபரி ஆனவர்களை டிரான்ஸ்பர் கவுன்சிலிங்குக்கு முன்பே காலி இடங்களில் போட்டுவிடுவார்கள். அவர்கள் எடுத்து மிச்சம் இருப்பதுதான் என்னைப் போல மலையில் காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. இதற்கு மேல் நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சாம்சன் சார் பள்ளியில் எண்ணிக்கை எப்படி என்று விசாரித்தீர்களா?

இந்தக் கடிதத்தை பஸ் டிரைவரிடமே கொடுத்து போளூரில் தபாலில் போடச் சொல்கிறேன். இங்கே போட்டால் நாளாகும்.

ஷப்ரீன்.

◆

உத்திரமேரூர்
9.8.2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். இங்கே நலம். அப்ரோஸுக்கு லேசாக ஜலதோஷம், கஷாயம் கொடுத்தேன், இப்போது சரியாகிவிட்டது.

உன் கடிதம் ஜூலை முடிய இரண்டு நாள் இருக்கிறபோதே வந்துவிட்டது. படித்தேன். நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், மழை வருகிறது என்றால் வீடு இடிகிறது என்பாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் சாம்சன் சாரிடம் போய் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பேன்? பத்துப் பெண்களும் ஜெர்சி போட்டு, கண்ணாடி இல்லாத ஊரில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பூரித்துப்போய் நிற்கிறார்கள். எண்ணிக்கை ஹெச்.எம்.முடைய தலைவலி. நான் விசில் ஊதுகிறவள். அரசாங்கம் ஒரு விளையாட்டு டீச்சரை, பிள்ளைகளை விளையாட வைத்த குற்றத்துக்காகவா தூக்கிவிடும்?

ஜெர்சி என்றேனே, முதுகில் பஞ்சாட்சரம் பள்ளிப் பெயர் இரண்டு சாண் அகலத்துக்கு இருக்கிறது. ஆடுவது சாம்சன் பள்ளிப் பெயரில். ஆட்டம் கற்றது என்னிடம். என் பள்ளிப் பெயர் எங்கேயும் இல்லை. பரவாயில்லை, கோ-கோவில் துரத்துகிறவள் முதுகைத்தான் தட்ட வேண்டும், முதுகில் எழுதியிருப்பதையா படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் குறுவட்டப் போட்டி. துஆ செய். உன் பழையசீவரம் எங்கேயும் ஓடிவிடாது. சுப்பிரமணி சாரைப் பார்த்தேன், ரிட்டயர்மென்ட்டுக்கு இப்போதே விருந்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா.

◆

உத்திரமேரூர்
24.11.2024

அன்புத் தங்கை ஷப்ரீனுக்கு ஸலாம். நாங்கள் நலம். நாலு மாதமாக உன் எழுத்தைக் காணோம். அசீமிடம் கேட்டால், "நல்லாத்தான் கீறா, வேலை ஜாஸ்தி" என்கிறார். எனக்கு எழுதத்தான் வேலை ஜாஸ்தி போல.

குறுவட்டத்தில் ஜெயித்தோம். ஜெயித்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். உன்னிடமிருந்து முதலில் ஒரு வரி வரட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். இறுதி ஆட்டத்தில் சௌமியா தொட்டது மட்டுமே எதிர் டீம் மொத்தமாகத் தொட்டதற்குச் சமம். நான் மைதானத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மாவட்டப் போட்டிக்குப் போனபோது சாம்சன் சார் டீம் பட்டியலை வாசித்தார். அவர் பெண்கள் ஐந்து பேரும் உள்ளே. சௌமியா வெளியே, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு. என்ன சார் இது என்றேன். "மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க மேடம். பழைய பிள்ளைங்களுக்குச் சான்ஸ் தரணுமாம். நான் இன்னா பண்றது?" முதல் சுற்றிலேயே தோற்றோம். திரும்பி வந்ததும் பஞ்சாட்சரம் வேன் டிரைவர் ஜெர்சிகளை எண்ணி வாங்கி மூட்டை கட்டினார். அடுத்த வருஷத்துக்கு வேண்டுமாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாததைக் கடைசியாக எழுதுகிறேன். சீசன் முடிந்ததும் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். சிலருக்கு அந்தப் பள்ளி பிடித்துவிட்டது, இருக்கட்டும். சௌமியா இரண்டு இடத்திலும் இல்லை. சாம்சன் பள்ளி வகுப்பு டீச்சர் அவள் எங்களிடம் திரும்பிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். எங்கள் வகுப்பு டீச்சர் அவள் அங்கே இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பள்ளி சேர்ந்து வேலை செய்தால் இப்படித்தான், ஒருத்தரும் தேட மாட்டோம். நானும்தான் தேடவில்லை. மைதானத்துக்கு வரவில்லையே, கோபமாக இருக்கிறாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். குடிசைக்குப் போனால் கதவுக்குக் கயிறு கட்டியிருக்கிறது. பக்கத்து ஆள் சொன்னான்: "சூளைக்குப் போயிட்டாங்க டீச்சர். அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு."

எனக்கு மனசே சரியில்லை. ஒரு வரியாவது எழுது.

அக்கா.

◆

ஜவ்வாது மலை
6.1.2025

அக்காவுக்கு ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலையில் பனி. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் நலத்துக்கு துஆ.

அரையாண்டு லீவில் வந்து ஒரு வாரம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லாததைக் கடிதத்தில் எழுதுவது அழகில்லை. ஆனால் நேரில் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், அப்ரோஸ் பார்த்திருப்பாள்.

கிளம்புகிற அன்றைக்கு நான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்த்து, "அம்மா, இவங்க வேணாம், நீ ஊட்டு" என்றாள். பிள்ளை சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் "பெரிம்மான்னு சொல்லு" என்று திருத்துவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து தட்டை வாங்கினீர்கள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தத் தட்டுதான் என் கண் முன்னால்.

இந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்ததை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். மச்சான் மௌத்தாகி, உங்களுக்கென்று ஒருவரும் இல்லாத நேரத்தில் இவளை உங்கள் மடியில் போட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் என் பிள்ளை அக்கா. ஜூலையில் நான் வந்துவிடுவேன். அதுவரைக்கும் அவள் "அம்மா" என்றால் தயவுசெய்து திருத்துங்கள்.

ஆகஸ்ட் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். சௌமியா கிடைத்தாளா?

ஷப்ரீன்.

◆

உத்திரமேரூர்
10.4.2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. அப்ரோஸ் பச்சைப் பாவாடையில் தெருவையே ஒரு கலக்குக் கலக்கினாள். நீ லீவு கிடைக்காமல் வர முடியாமல் போனது எல்லாருக்கும் வருத்தம். உன் ஜனவரிக் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை நாக்கு அப்படித்தான், அதை மனசில் போட்டு ஊற வைக்காதே.

நீ ஜெயித்தாய். நான் உபரி.

பட்டியல் வந்துவிட்டது. கல்பனா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் சொன்னார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என் பத்துப் பெண்கள் இருந்திருந்தால் அளவுக்கு மேல் மூன்று பேர் இருந்திருப்பார்கள். திரும்பி வந்த மூன்று பேர் கணக்கில் இல்லை, அவர்கள் வந்தது அதற்கு அப்புறம். பதினெட்டு வருஷமாக விசில் ஊதின மைதானத்தில் இனிமேல் பி.டி. டீச்சரே கிடையாது. கணக்கு டீச்சருக்கு இனி யாரிடமும் பீரியட் பிடுங்க வேண்டிய கஷ்டம் இல்லை.

சாம்சன் சார் வேலை தப்பித்துவிட்டது. எப்படித் தப்பித்தது தெரியுமா? போன வருஷம் அவர் பள்ளிதான் அளவுக்குக் கீழே இறங்கக் கிடந்தது. என் பத்துப் பேர் போய் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "மேடம், எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. சத்தியமா டீமுக்காகவும்தான் கேட்டேன், இதுக்காகவும்தான் கேட்டேன்." செருப்பால் அடிக்கலாம் என்று வந்தது. "டீமுக்காகவும்தான்" என்று அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். ஸ்வீட்டை அப்ரோஸ் சாப்பிட்டாள்.

எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியாது. ஜூனில் கூப்பிடுவார்களாம். எனக்கு எதுவும் ஓடவில்லை.

அக்கா.

◆

ஜவ்வாது மலை
22.4.2025

அன்பு அக்காவுக்கு ஸலாம். நான் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து நானும் அழுதேன். நான் ஜெயிக்கவில்லை அக்கா. நான் சொன்னது பலித்தது, அவ்வளவுதான். பலிக்காமல் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்கள் மேல் தப்பு இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் செய்தது பிள்ளைகளுக்காக. சாம்சன் சார் மாதிரி இரண்டு கணக்கு உங்களிடம் இல்லை. அது எனக்குத் தெரியும், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சுப்பிரமணி சார் மே கடைசியில் ரிட்டயர் ஆகிறார். உங்களை ஜூனில் கூப்பிட்டால் பழையசீவரம் இடத்தையும் உங்களுக்குக் காட்டுவார்கள். வேறு இடமே இல்லை என்றால் நீங்கள் அதை எடுக்க வேண்டியதுதான், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வேறு ஏதாவது ஒரு இடம் இருந்தால், கொஞ்சம் தூரமாக இருந்தாலும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு ஏழு வயசாகிறது. இன்னும் ஒரு வருஷம் போனால் அவளுக்கு நான் விருந்தாளிதான்.

உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை ஷப்ரீன்.

◆

உத்திரமேரூர்
21.6.2025

அன்புத் தங்கை ஷப்ரீனுக்கு அக்காவின் ஸலாம். இங்கே யாவரும் நலம். உன் நலம் அறிய ஆசை. பக்ரீத்துக்கு நீ வந்துபோனது கனவு மாதிரி இருக்கிறது, இரண்டு நாளில் என்ன பேச முடிகிறது! வெயில் இன்னும் குறையவில்லை. மாம்பழம் இந்த வருஷம் புளிப்பு. அசீம் கடைக்குப் புது போர்டு மாட்டியிருக்கிறார், பார்க்க நன்றாக இருக்கிறது. அப்ரோஸுக்கு இரண்டாம் வகுப்புக்குப் புது யூனிஃபார்ம் தைத்தேன். டெய்லர் தோளைப் பெரிதாக வைத்துவிட்டான், நான் பிரித்து மறுபடி தைத்தேன். வாய்ப்பாடு ஐந்து வரைக்கும் சொல்கிறாள்.

உபரி ஆனவர்களுக்கான பணி நிரவல் எனக்கு முடிந்துவிட்டது. இடம் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்தும்விட்டேன். ஒரே பஸ்தான், பரவாயில்லை. மைதானம் சுமார். முதல் நாளே எண்ணிக்கை எவ்வளவு என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன், அவர் ஒரு மாதிரி பார்த்தார். இனிமேல் எந்தப் பள்ளியோடும் நான் கூட்டுச் சேருவதாக இல்லை. பக்கத்துப் பள்ளி மாஸ்டர் ஒருவர் சேர்ந்து டோர்னமென்ட் நடத்தலாமா என்று கேட்டு வந்தார். கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது பாலாற்றுப் பக்கம் ஒரு சூளையில் சௌமியாவைப் பார்த்தேன். தலையில் கல் சுமந்துகொண்டு ஓடுகிறாள். நடக்கவில்லை, ஓடுகிறாள். இறங்கிப் போய்ப் பேசினேன். பள்ளிக்கு வா, நான் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "எந்த இஸ்கூலுல மிஸ்?" என்று கேட்டாள். கங்கம்மாள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "நான் இருக்கேன்னு சொன்னியே டீச்சர்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வேறு விசேஷம் இல்லை. உன் இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன்.

துஆவுடன் அக்கா.

◆

ஜவ்வாது மலை
9.7.2025

அக்காவுக்கு ஸலாம்.

நேற்று கவுன்சிலிங்குக்குத் திருவண்ணாமலை போனேன். திரையில் காஞ்சிபுரம் மாவட்டம் வந்தது. பழையசீவரம் இடம் இல்லை. ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து எழுந்து போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பார்த்துச் சொன்னார்: "அது பணி நிரவல்லயே ஃபில் ஆயிட்ச்சிமா. நூருன்னிசான்னு ஒரு மேடம்." எங்கள் அக்காதான் சார் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றதால் நகர்ந்துவிட்டேன். எந்த இடமும் எடுக்கவில்லை.

ஒரே பஸ் என்று எழுதினீர்கள். பாலாற்றுப் பக்கம் என்று எழுதினீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உங்கள் மேல் அப்படி நினைக்க மனசு வரவில்லை.

வேறு இடமே இருந்திருக்காது, அக்கா வேறு என்ன செய்வார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கீழே இறங்கி அசீமுக்குப் போன் செய்தேன். அவரிடமும் நீங்கள் எந்தப் பள்ளி என்று சொல்லவில்லையாம். அவர் கல்பனா மேடம் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். உங்களுக்கு இரண்டு இடம் காட்டினார்களாம். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இரண்டு பஸ் மாற வேண்டும், விடிவதற்குள் கிளம்ப வேண்டும். "பிள்ளை எழுந்திரிக்கும்போது நான் இருக்கணும் மேடம்" என்று நீங்கள் சொன்னீர்களாம். கல்பனா மேடம் அதை உங்களைப் பாராட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். அது யார் பெற்ற பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாது.

ஏப்ரலில் நான் எழுதினேன், உங்களிடம் இரண்டு கணக்கு இல்லை என்று. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பத்துப் பெண்களை அனுப்பியது உங்கள் முட்டாள்தனம், அதை நான் மன்னிப்பேன், மன்னித்தும்விட்டேன். இதை நீங்கள் தெரிந்து செய்தீர்கள். கையைப் பிடித்துக் கேட்டேன். சாம்சன் சாராவது ஸ்வீட் பாக்ஸோடு வந்து உண்மையைச் சொன்னார். நீங்கள் எனக்கு மாம்பழம் புளிப்பு என்று எழுதினீர்கள்.

வயிறு எரிகிறது அக்கா. ஆறு வருஷமாக மாதச் சம்பளம் வாங்கியதும் முதலில் அவளுக்குத் துணி வாங்குவேன், அளவு தெரியாமல் எப்போதும் ஒரு சைஸ் தப்பாகவே வாங்குவேன். உங்களுக்கு அவள் தோள் அளவு தெரியும். அதைத்தான் நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றீர்கள், எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பக்கத்தில் ஒரு அறை தனியாகப் பேசிவிட்டேன். ஒழுகும், ஓடு மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். இங்கே தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இங்கே பழகாது, அழுவாள், என்னைத் திட்டுவாள், காய்ச்சல் வரும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அசீமும் நானும் வருகிறோம். நாங்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவள் துணிமணிகளை எடுக்கச் சாவியை அசீம் கடையில் கொடுத்துவிட்டு எங்கேயாவது போய்விடுங்கள்.

ஷப்ரீன்.